எனக்கு, என்கிட்ட

இடக்கொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காயல். மழை பிடித்துக்கொண்ட மாலைகளில் அம்மா பழம்பொரி சுட்டு எடுப்பாள். "முதல் ஈடு யாருக்குலே?" என்று கேட்டு முடிப்பதற்குள் "எனக்கு!" என்று நானும் தம்பியும் கத்துவோம். வேலிக்கு அந்தப் பக்கம் இதே சண்டை மலையாளத்தில் நடக்கும். "ஆர்க்கா?" "எனிக்கு!" கேள்வியில் இருக்கும் 'கு' பதிலிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு குஜராத்தி மிளகு மண்டியில் கணக்கப்பிள்ளை. சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். மண்டிக்கு மேலேயே சேட்டு வீடு. அந்த வீட்டுப் பாட்டியை எல்லாரும் 'பா' என்பார்கள். கதவு தட்டினால் பா "கோண்?" என்பாள்; "ஹூம்" என்று பதில் வரும், நான் என்று அர்த்தம். யாருக்கு வேண்டும் என்றால் "மனே". ஆனால் ஜாடியை உடைத்தது யார் என்று அதட்டும்போது கேள்வியே "கோணே?" என்று மாறிவிடும். பேரப்பிள்ளைகளும் "ஹூம்" சொல்லாமல் மூக்கால் "மேம்" என்பார்கள். முடிந்துபோன காரியத்தைச் செய்த 'நானு'க்கு அங்கே தனி உருவம்! நமக்கு ஜாடியை உடைத்தாலும் நான்தான், வாசலில் நின்றாலும் நான்தான்.

இத்தனைக்கும் பழகிய காதுக்கு ஆங்கிலம்தான் விசித்திரமாகப் பட்டது. 'மீ' என்றால் 'என்னை' என்று இலக்கணப் புத்தகத்தில் கட்டம் போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தது யார் என்று டீச்சர் கேட்க, ஆங்கிலோ இந்தியப் பையன் ஒருவன் "மீ, மிஸ்" என்றான். திறந்தது யார் என்றால் 'என்னை' என்பானா ஒருவன்? டீச்சர் 'ஐ' என்று திருத்தினார். அவன் வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை என்று சாதித்தான். அவன் பக்கம்தான் நியாயம் என்று இப்போது தோன்றுகிறது. ஆங்கிலப் பேச்சில் 'யாரை' என்று கேட்கும் 'ஹூம்' (whom) கிட்டத்தட்ட செத்துப்போய், எல்லாவற்றுக்கும் 'ஹூ' ஒன்றே கேள்வியாக நிற்கிறது. அதில் ஒட்டிக்கொள்ள உருபு ஏது? அதனால் தனியாக நிற்கும் இடத்திலெல்லாம் 'மீ' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த 'மீ' குழப்பத்தைச் சொல்லி நான் அப்போது புலம்பியபோது வாயனசாலை (வாசகசாலை) மாஷ் சிரித்தார். மாஸ்கோவில் அச்சான புத்தகங்கள் வழவழப்பான தாளில், கொள்ளை மலிவாகக் கிடைத்த காலம் அது. அவற்றை வைத்துக்கொண்டு மாஷ் தானாகவே ருஷ்யன் படித்துவந்தார். "க்தோ? யா" என்றார். யார், நான். "கமூ? ம்ன்யே." யாருக்கு, எனக்கு. "ஊ கவோ? ஊ மின்யா." யார்கிட்ட, என்கிட்ட! பேனா இருக்கிறது என்பதையும் ருஷ்யர்கள் 'என்கிட்ட' என்றே தொடங்குவார்களாம். எனக்குக் குளிருகிறது, எனக்கு எட்டு வயது, இரண்டுக்கும் அதே "ம்ன்யே". எங்கோ பனிக்குள் கிடக்கும் பாஷை எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ருஷ்யனில் வேற்றுமை ஆறு என்று மாஷ் சொன்னதும் கூட இருந்த அப்பாவுக்கு மிதப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு எட்டு." மாஷ் விடவில்லை. ஏ.ஆர். ராஜராஜவர்மா மலையாள இலக்கணமான 'கேரள பாணினீய'த்தில் ஏழு என்றுதான் வைத்திருக்கிறார், விளியெல்லாம் வேற்றுமையா சாரே என்று மல்லுக்கு நின்றார். தொல்காப்பியரும் முதலில் ஏழு என்று சொல்லிவிட்டுத்தான் விளியோடு சேர்த்து எட்டு என்கிறார். அப்பாவுக்கு அது தெரியும். அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.