திருக்கோவிலூரில் கிடைக்காத வேலை

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை நீலக் கோடு போலத் தோன்றும். வடகிழக்கே பேருந்தில் சென்றால் தென்பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவிலூர் வரும். இளமையில் அவ்வூரை நான் அறிந்திருந்தது இரண்டு காரணங்களால். ஒன்று, உலகளந்த பெருமாள் கோயில். மற்றொன்று, பாரியை இழந்த கபிலர் உயிர் நீத்த இடம் என்று ஆற்றிலே மக்கள் காட்டும் பாறை. கணித மேதை இராமானுஜன் வேலை தேடி வந்ததும் அவ்வூருக்கே என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தேன்.

அது 1910 ஆம் ஆண்டு. கணிதத்தைத் தவிரப் பிற பாடங்களில் மனம் செல்லாமையால் கல்லூரித் தேர்வில் தோற்றவர் அவர். முந்திய ஆண்டில்தான் மணமாகியிருந்தது. பட்டம் இல்லை, பொருளும் இல்லை, கையில் இருந்தவை கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகளே.

திருக்கோவிலூரில் அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. இராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. ஐயர் குறிப்பேட்டைப் பார்த்தார், வியந்தார், வேலை தர மறுத்தார்! வருவாய்த் துறையின் கீழ்ப்படியில் அமர்த்தி அத்தகைய அறிவை மங்கச் செய்யத் தமக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் அவரே கூறினார்.

இதனை முதலில் படித்தபோது எனக்குச் சிறிது சினமே உண்டாயிற்று. பிழைக்க வழி தேடி வந்தவருக்குப் பாராட்டு எதற்கு? ஆனால் ஐயர் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையில் இருந்த கணித அன்பர்களுக்குக் கடிதங்கள் தந்து அனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் துணை கிடைத்தது. அவர் சில காலம் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார்.

வேடிக்கை என்னவெனில், 1912 இல் இராமானுஜன் குமாஸ்தாவாகத்தான் ஆனார். சென்னைத் துறைமுக அலுவலகத்தில், திங்களுக்கு 30 ரூபாய் ஊதியம். அப்படியானால் ஐயர் மறுத்தது வீணா? அன்று என்றே நான் எண்ணுகிறேன். துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். இராமானுஜனோடு அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தவர். அங்கிருந்தபோதுதான் 1913 சனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் சென்றது. டெபுடி கலெக்டரோ ஊர்விட்டு ஊர் மாற்றப்படும் அதிகாரி. அவர் சென்றபின், பட்டாவுக்கும் அடங்கலுக்கும் இடையே அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பார் யார்?

பிறகு நடந்தவை நாடறிந்தவை. 1914 இல் இங்கிலாந்துப் பயணம். 1918 இல் இராயல் கழக உறுப்பினர் பதவி. 1920 இல், முப்பத்திரண்டாம் வயதில், மறைவு.

அக்குறிப்பேடுகளில் முடிவுகள் உண்டு, நிறுவல்கள் அரிது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் பல்லாண்டுகள் உழைத்து அம்முடிவுகளை ஆராய்ந்தார். 1985 முதல் 1998 வரை அவர் வெளியிட்ட தொகுதிகள் ஐந்து. அந்த நிறுவல்கள் ஏதும் கையில் இல்லாத காலத்திலேயே திருக்கோவிலூர் அதிகாரி அவற்றின் அருமையைக் கண்டுகொண்டார்.

இப்போதும் பேருந்து அவ்வூரை நெருங்கும்போது என் கண்கள் முதலில் கோபுரத்தைத் தேடுகின்றன. பிறகு, தாலுகா அலுவலகம் எந்தப் பக்கம் என்று தேடுகின்றன.