தடுப்பு முடியும் இடம்

தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும் தம்பி ஒருவன், இந்தத் தையில் ஜல்லிக்கட்டில் இறங்கப் போவதாகச் சொன்னான். "எல்லாம் ரூல்ஸ்படிதாண்ணே நடக்கும், ஒண்ணும் ஆகாது" என்றான். கண்ணால் பார்த்துவிடலாம் என்று நானும் வேனில் ஏறினேன். பாம்பன் பாலம், ராமநாதபுரம், பரமக்குடி தாண்டி, விடியுமுன் சிவகங்கைச் சீமையில் ஓர் ஊரில் இறங்கினோம். பனியில் சாணி வாசனை. டீ 15 ரூபாய்.

கண்மாய்க் கரையில் காளைகள் வரிசையாக நின்றன. கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றின் கண்ணையும் கொம்பையும் பார்த்துச் சீட்டு கொடுத்தார். பக்கத்துப் பந்தலில் மாடுபிடி வீரர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். குடித்திருக்கிறார்களா என்று ஊதவும் சொன்னார்கள். தம்பிக்கு 68-ஆம் எண் போட்ட மஞ்சள் பனியன் கிடைத்தது.

களத்தைச் சுற்றி வந்தேன். இரட்டைத் தடுப்பு 8 அடி என்றார் விழாக்குழுப் பெரியவர். கையை உயர்த்திப் பார்த்தேன். உச்சிக் கம்பு எட்டவில்லை. தரையில் தேங்காய் நார்க் கழிவு கணுக்கால் புதையும் அளவுக்கு இருந்தது. வாடிவாசலிலிருந்து 15 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு. நடந்து எண்ணினேன், 20 எட்டு. அதுவரை திமிலைப் பிடித்துப் போனால் வெற்றி.

இந்த ஒழுங்கு லேசில் வந்ததல்ல. தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று செல்லாது என்றது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டு வேண்டும் என்று மெரினாவில் இளைஞர்கள் திரண்ட பிறகு சட்டத் திருத்தமும் புதிய விதிகளும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. இன்று கலெக்டர் அனுமதி இல்லாமல் எந்த விழாக்குழுவும் வாடிவாசலைத் திறக்க முடியாது.

முதலில் கோயில் காளை வந்தது; யாரும் தொடவில்லை. அடுத்த காளையின் வாலைப் பிடித்த ஒருவரை உடனே களத்தை விட்டு வெளியேற்றினார்கள். தம்பி ஒரு காளையை அணைந்தான். மூன்று துள்ளலுக்குப் பிடி விடவில்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

கோட்டைத் தாண்டிய காளை எங்கே போகிறது? பின்னாலேயே நடந்தேன். இரட்டைத் தடுப்பு ஒற்றைச் சவுக்குக் கம்பானது. 100 எட்டில் அதுவும் வெறும் கயிறானது. அப்புறம் கயிறும் இல்லை, திறந்த வயல். அங்கேதான் உரிமையாளர்கள் கயிறோடு காத்திருந்தார்கள். மண்சுவர் மேல் பிள்ளைகள். மிரண்ட காளை ஒன்று திரும்பியதில் பெரியவர் ஒருவருக்குத் தொடையில் குத்து. ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்து வர 12 நிமிடம் ஆனது.

குத்துச்சண்டையில் மேடையை ஒட்டியே மருத்துவர் உட்கார்ந்திருப்பார். இங்கே மருத்துவக் குழு வாடிவாசல் பக்கம் இருந்தது; அடி விழுந்தது மறுமுனையில்.

"களத்துக்குள்ள ஒருத்தருக்கும் பெரிய அடி இல்லையே" என்றார் விழாக்குழுப் பெரியவர். உண்மைதான். ஆனால் வயலில் ரத்தம் சிந்தியதை நான் பார்த்தேன். அனுமதி கொடுக்குமுன் பார்வையிட வரும் அதிகாரிகள் களத்தோடு திரும்பிவிடக் கூடாது. காளை கடைசியாகப் பிடிபடும் இடம் வரை நடக்க வேண்டும்; தடுப்பும் மருத்துவரும் அங்கேயும் இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் தம்பியிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், "அந்தப் பக்கம் நான் போகவே இல்லைண்ணே" என்றான்.