பிடில் உட்கார்ந்த கதை

வயலின் வகுப்புக்கு முதல் நாள் வரும் பிள்ளைக்கு, வில்லைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் உட்காரத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னே தள்ளி, வயலினின் சுருள் தலையைக் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மறுமுனை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவே பதிய வேண்டும். இரண்டு பக்கமும் பிடிமானம் கிடைத்துவிட்டால் இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லை. விரல்கள் தந்தியில் நினைத்த தூரம் ஓடலாம். முதல் வாரம் முதுகு வலிக்கும். பிறகு பழகிவிடும்.

ஐரோப்பாவில் நின்றுகொண்டு தாடையில் அணைத்து வாசிக்கிற வாத்தியம் அது. இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. கிழக்கும் மேற்கும் இசையில் கைகோத்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் மேடைகளும் விருதுகளும்தான் பலருக்கு நினைவில் எழும். வயலின் வாசிப்பவர்களைக் கேட்டால், அந்தச் சந்திப்பு கணுக்காலிலும் விரல் நுனியிலும் நடந்தது என்பார்கள்.

சென்னைக்கு வடக்கே மணலியில் ஆரம்பிக்கிறது இந்தக் கதை. கம்பெனியாருக்கு துபாஷாக இருந்த முத்துக்கிருஷ்ண முதலியார், திருவாரூர் ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து ஆதரித்தார். அவர் மகன் சின்னையா முதலியார், தீட்சிதரின் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் மெட்டுகளை மனத்தில் வாங்கிக்கொண்டார். இளையவர் பாலுசுவாமிக்கு (1786–1859) வயலின் மேலேயே ஆசை விழுந்தது. ஓர் ஐரோப்பியரிடம் அவர் மூன்று வருஷம் பாடம் கேட்டதாகக் குடும்ப வரலாறு சொல்கிறது.

அந்த மூன்று வருஷம் முக்கியம். ஒரு மாலைப்பொழுதில் வாங்கிப் பார்த்துவிட்டு நம் பாட்டுக்குத் திருப்பிவிட்ட வாத்தியம் இல்லை இது. அவர்கள் வாசிப்பதை அவர்கள் முறையிலேயே கற்றுக்கொண்ட ஒருவர்தான் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதே தலைமுறையில் வயலினில் தேர்ந்தவர். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது.

சுருதி சேர்ப்பதிலும் மாற்றம் வந்தது. மேற்கே நாலு தந்திகளும் ஜி, டி, ஏ, இ என்று எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். இங்கே ச, ப, ச, ப. பாடுகிறவரின் சுருதி ஒரு கட்டையா, ஐந்து கட்டையா என்று பார்த்துப் பிருடையைத் திருப்ப வேண்டும். தந்திகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் பாலம் என்று பெயர். நம்மவர்கள் வீணையில் சொல்வதுபோல அதைக் குதிரை என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது சின்னக் குதிரைதான்!

இனி, தோடி ராகத்தின் காந்தாரம். ச-வைப் பியானோவின் சி-யில் வைத்துக்கொண்டால் அது ஒரு கறுப்புக் கட்டை. அந்தக் கட்டையை எத்தனை முறை அழுத்தினாலும் தோடி வராது. வயலினில் விரல் ரிஷபத்தின் பக்கமிருந்து கிளம்பி, மத்யமத்தை எட்டிப் பார்த்துத் திரும்பி, மறுபடி ஏறி இறங்குகிறது. காந்தாரம் என்ற இடத்தில் அது நிற்பதே இல்லை. ஆனாலும் கேட்கிறவர் காதில் காந்தாரம் விழுகிறது. அதுவரை வில் ஒரே இழுப்பாக நீள வேண்டும். நடுவில் திரும்பினால் அசைவு அறுந்துபோகும். இந்த வழுக்கலுக்காகத்தான் இடது கை விரல் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொள்கிறார்கள். அதே எண்ணெய் வில்லின் மயிரில் பட்டால் நாதம் போயிற்று. அங்கே ராசின் தேய்த்துப் பிடிப்பு உண்டாக்க வேண்டும். ஒரு கைக்கு வழுக்கல், மறு கைக்குப் பிடிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் பழகுவதற்கே ஒரு வருஷம் ஆகிவிடும்.

முத்துசுவாமி தீட்சிதர் கோட்டையில் கேட்ட மெட்டுகள் நோட்டுஸ்வரங்கள் ஆயின. ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை, சாகித்யம் சமஸ்கிருதம். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு. 'ஷ்யாமளே மீனாட்சி'யை வாசித்தால், 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடும் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும். குழந்தைப் பாட்டு என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் வில்லெடுத்து ஒன்றை வாசித்துப் பார்க்கட்டும். கமகம் என்னும் அசைவிலேயே ஊறிய விரலுக்கு அசையாமல் நிற்பது பெரிய சோதனை. அசைவில் மறைந்துபோகிற சுருதிப் பிசகு, நேராக நிற்கும் ஸ்வரத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பிற்பாடு முத்தையா பாகவதர் இங்கிலீஷ் நோட்டு இயற்றினார். மதுரை மணி ஐயர் கச்சேரியில் ரசிகர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

எதிர்த்திசையிலும் ஒருவர் நடந்தார். சென்னைச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த ஏ.எம். சின்னசாமி முதலியார், நம் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி 1893-இல் வெளியிட்டார். அந்த வேலைக்காக அவர் தேடிப்போனது எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரை. பிடில் கற்ற அதே பாலுசுவாமியின் பேரன் அவர், பாலுசுவாமியே தத்தெடுத்துக்கொண்டவர். ஐந்து கோடுகளுக்குள் தோடியின் காந்தாரத்தை வைக்க முயன்றால் என்ன ஆகும் என்று வயலின்காரர் யாரும் ஊகிக்கலாம். ஸ்வரம் உட்காரும், அசைவு வெளியே நிற்கும். முதலியாரின் தூண்டுதலால் சுப்பராம தீட்சிதர் எழுதி 1904-இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. ஐரோப்பிய எழுத்துமுறையின் உந்துதலில் பிறந்து, அந்த முறைக்கு எட்டாததையும் எழுதிவைத்த புத்தகம் அது.

இருபதாம் நூற்றாண்டில் போக்குவரத்து அதிகமானது. யெஹுதி மெனுஹினும் ரவிசங்கரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1967-இல் வந்தது. லால்குடி ஜெயராமனின் வாசிப்பில் மனம் பறிகொடுத்த மெனுஹின் அவருக்குத் தம் பரிசாக ஒரு வயலினையே தந்தார். ஜான் மெக்லாஃப்லினும் எல். சங்கரும் ஜாகிர் உசேனும் சேர்ந்த 'சக்தி' குழுவில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். இவர்கள் எல்லாரும் தத்தம் சங்கீதத்தில் வேரோடியவர்கள். அந்த வேர் இல்லாத கலப்புக் கச்சேரிகளில் இரு தரப்புக்கும் சுலபமான நாலு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வேகத்தில் போட்டி போடுகிறார்கள். கைத்தட்டல் கிடைக்கிறது. ஆனால் எவர் கையும் மாறுவதில்லை.

ஜான் ஹிகின்ஸ் (1939–1984) மாறிப்போன மனிதர். அமெரிக்காவில் பிறந்தவர், டி. விஸ்வநாதனிடம் வாய்ப்பாட்டுக் கற்றவர். தெலுங்கு, தமிழ், சமஸ்கிருத சாகித்யங்களை உச்சரிப்புச் சுத்தத்தோடு பாடினார். சொல் எங்கே பிரியும், பொருள் எங்கே முடியும் என்று தெரிந்துகொண்டு பாடினார். ரசிகர்கள் அவரை ஹிகின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள்.

பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வருஷத்திலேயே ஒரு நோட்டுஸ்வரத்தைப் பாடமாக வையுங்கள். அசைக்காமல், நேராக, சுருதி சுத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரமே சங்கராபரணத்தில் ஒரு கீதத்தை எடுங்கள். இரண்டுக்கும் ஸ்வரம் ஒன்றுதானே, ஏன் வேறு வேறாகக் கேட்கிறது என்று பிள்ளை கேட்கும். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, மணலியிலிருந்து கோட்டைக்குப் போன அந்த அண்ணன் தம்பியின் கதையைச் சொல்லுங்கள்.