கடிகாரம் தவறினால்...

மேற்குத் தாம்பரத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டர், ஸ்விட்சை அணைத்துப் போட்டால் 2009-ம் ஆண்டுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. அன்று பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். வங்கித் தளம் திறக்கவே இல்லை.

‘‘புதுசா வாங்கிடலாம்பா’’ என்றான் மகன்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து மதர்போர்டைத் திறந்து காட்டினார். கரன்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது சி.ஆர்.2032 என்கிற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்திருந்தது. ‘‘தேதி சரியா இருந்து, மணி மட்டும் அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருந்தா பேட்டரியைக் குறை சொல்லாதீங்க சார். டைம் ஸோன் +5:30-ல இருக்கான்னு பாருங்க’’ என்றார்.

சாயங்காலத்துக்குள் கட்டணம் கட்டியாகிவிட்டது. பெரியவருக்குச் சிரிப்பு. ‘‘1906-க்கு முன்னாடி நம்ம ரயிலெல்லாம் மெட்ராஸ் நேரத்துலதான் ஓடிச்சு. இப்ப இருக்கிற நேரத்தைவிட ஒன்பது நிமிஷம்தான் பின்னால. இது வருஷக் கணக்குல பின்னால போயிடுச்சே!’’