ஹாலுக்குள் ஒரு சமுத்திரம்

சேலத்திலிருந்து கடலைப் பார்க்க சுமார் 200 கிலோமீட்டர் பஸ்ஸில் போகணும். என் மச்சான் அதை ஹாலிலேயே வைத்திருந்தார், கண்ணாடித் தொட்டியில்! டிரான்ஸ்பர் வந்ததும், "பார்த்துக்குங்க மாப்ளே" என்று என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மீன் வளர்ப்பது சுலபம் சார். கடல் வளர்ப்பதுதான் கஷ்டம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கணும். சேலத்து வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. தினமும் நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் தொட்டி ஊறுகாய் ஜாடிதான். குளிர வைக்க மெஷின் வேறு. கரண்ட் பில்லைப் பார்த்த மனைவி, "அதுங்களுக்கு ஏ.ஸி., நமக்கு ஃபேனா?" என்றாள்.

நியாயம்தான். ஆனால் மகளுக்கு அந்த இரண்டு நீமோக்களும் உயிராச்சே! "உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பழக்கிடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நீமோ நல்ல தண்ணீருக்குப் பழகாது, செத்துப்போகும். ஆக்ஸிஜன் பையில் அடைத்து, கடல் மீன் வளர்க்கும் கோயம்புத்தூர் நண்பரிடம் சேர்த்தேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பவளக் கல், மணல் எல்லாம் வெளியே. அதில் ஒட்டியிருக்கும் உயிர்கள் நல்ல தண்ணீரில் செத்து அழுகும். உப்புப் படிவைத் தேய்த்துக் கழுவி, சாதாரண மணல் பரப்பி, போர் தண்ணீர் நிரப்பினேன். மீன் கழிவின் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா புதிதாக வளர நாலைந்து வாரம். அதுவரை காலித் தொட்டிக்கு எதிரில் மகள் தினமும் ஆஜர்.

நம்ம ஊர் போர் தண்ணீர் கடினம். கப்பிக்கு அதுதான் இஷ்டம்! ஆறு விட்டோம். சீக்கிரமே குட்டிகள். "பதினேழுப்பா!" மறுநாள் பன்னிரண்டு. அம்மாவே தின்னும் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? குட்டிகள் ஒளிய பாசிச்செடி வாங்க, இதோ, கிளம்பிவிட்டேன்.