சடையும் சமயமும்

குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. மறையுரைகளில் நாம் பன்முறை எடுத்தாண்ட சொல் அது. அதன் ஆழத்தை அண்மையில் நமக்கு உணர்த்தியது, ஒரு ரெகே இசைக் குடும்பம்.

ஜமைக்காவின் ரெகே இசை ஆலயப் பாடல்களின் மடியில் வளர்ந்தது. 1968-இல் தம் பாடலொன்றின் வழியே அவ்விசைக்குப் பெயரளித்த டூட்ஸ் ஹிபர்ட், சிறுவயதில் ஆலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர். அதே தீவில் பிறந்த டென்ராய் மார்கன் 1965-இல் நியூயார்க்கில் குடியேறினார். 1981-இல் ஒரு பாடலால் புகழ்பெற்றார். தம் பிள்ளைகளுக்கு இசையையும், விவிலியத்தைப் போற்றும் ராஸ்தஃபாரி நெறியையும் சேர்த்தே ஊட்டினார். 1992-இல் அவர்களுள் எண்மர் 'மார்கன் ஹெரிடேஜ்' என்னும் பெயரில் ஜமைக்காவின் ரெகே சன்ஸ்பிளாஷ் விழாவில் பாடினர். பின்னர் ஐவரே குழுவில் தொடர்ந்தனர். தந்தையின் தாய்மண்ணுக்குத் திரும்பி, அங்கேயே தம் இசையை வளர்த்தனர். 2016-இல் கிராமி விருது அவர்களைத் தேடி வந்தது.

எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசிக்கு இறைநிலை அளிக்கும் அந்நெறி நம் விசுவாசத்தினின்று வேறுபட்டது. ஆயினும், 1999-இல் அவர்கள் வெளியிட்ட 'டோன்ட் ஹாஃபி டிரெட்' என்னும் பாடல் நம்மைத் தடுத்து நிறுத்தியது. ராஸ்தஃபாரியர்க்குச் சடைமுடி புனித அடையாளம். இவர்களும் சடை தரித்தவர்களே. இருந்தும், சடையன்று, உள்ளமும் வாழ்வுமே ஒருவனை அந்நெறிக்கு உரியவனாக்கும் என்று தம் மக்களை நோக்கியே பாடினர். மழித்த தலையும் நீண்ட சடையும் துறவுக்குச் சான்றாகா என்று உணர்த்திய வள்ளுவரை அக்கணம் நினைத்தோம். கூடவே, ஓர் இளைஞனையும் நினைத்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தோள்வரை முடி வளர்த்த ஒருவன் கித்தாருடன் பாடகர் குழுவில் சேர வந்தான். "முடியை வெட்டிக்கொண்டு வா, தம்பி" என்றோம். "சரி, சாமி" என்று சென்றவன் அதன்பின் திருப்பலிக்கும் வரவில்லை. ஒழுங்கைக் காத்தோம் என்று அன்று மனநிறைவு கொண்டோம். அவன் எதைக் காணிக்கையாக்க வந்தான் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

டென்ராய் 2022-இல் மறைந்தார். குழுவின் முதன்மைக் குரலான மகன் பீட்டரும் 2024-இல் மறைந்தார். எனினும் அக்குடும்பம் விட்டுச்சென்ற பாடம் நிற்கிறது. தந்தை தந்ததைப் பிள்ளைகள் பேணினர். பேணியதாலேயே வித்து எது, உமி எது என்று பிரித்தறியவும் கற்றனர். விசுவாசத்தைக் கையளித்தல் என்பது அதுவன்றோ? மூன்று பத்தாண்டுகளாகக் குருத்துவப் பணியாற்றும் நாமோ உமியைக் காட்டி, வித்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம்.

அவனுடைய வீடு பங்கு இல்லத்திலிருந்து நான்கு தெருக்கள் தள்ளித்தான் இருக்கிறது. இம்முறை அவன் வருவான் என்று காத்திராமல், நாமே செல்ல வேண்டும்.