கையொப்பம் நம்முடையது



ஜூலை மாதம் பிறந்துவிட்டால், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் வேளையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று ஆண்டுதோறும் மாறுவதில்லை. "ஐயா, வருமான வரிக் கணக்கை யாரிடம் கொடுக்கலாம்? எவ்வளவு வாங்குவார்கள்?" மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர்க்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அந்நாள் நெருங்க நெருங்கக் கேட்பவர்களின் குரலில் பதற்றம் கூடுகிறது. போதகரிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். ஆயினும், கடந்த சில ஆண்டுகளில் நான் கண்டவையும் கேட்டவையும் இதைப் பற்றி ஒருமுறையாவது விரிவாக எழுதத் தூண்டுகின்றன.

முதலில் கட்டணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருமான வரித் துறையின் இணையதளத்தில் நாமே கணக்குத் தாக்கல் செய்வதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வங்கி வட்டி ஆகியவை மட்டும் உள்ளவர்களுக்கு 'சஹஜ்' என்னும் எளிய படிவம் உண்டு. அதன் பெரும்பகுதி முன்கூட்டியே நிரப்பப்பட்டே வருகிறது. எங்கள் பகுதியில் இதே வேலையைச் செய்து கொடுக்க 500 ரூபாய் முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். இந்தப் பணத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். கண் மங்கியவர்களுக்கும், கணினியைத் தொட அஞ்சுகிறவர்களுக்கும், படிவத்தின் ஆங்கிலத்தைக் கண்டு மலைக்கிறவர்களுக்கும் அது நியாயமான கூலி. காலம் தவறினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் செலுத்த நேரிடும். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு அது 1,000 ரூபாய். அதைக் கருதினாலும் உதவிக்குக் கொடுக்கும் பணம் பெரிதன்று.

சில வேளைகளில் நல்ல ஆடிட்டருக்குக் கொடுப்பது, கொடுத்ததைவிடப் பன்மடங்கு பயனைத் தரும். எங்கள் குடும்பத்துப் பூர்வீக நிலத்தை விற்ற ஆண்டு எனக்கு நினைவிருக்கிறது. தாத்தா வாங்கிய நிலம். அவர் கொடுத்த விலையை இன்றைய விற்பனை விலையோடு ஒப்பிட்டால் முழுத்தொகையும் இலாபமாகவே தோன்றும். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன்பு குடும்பத்துக்கு வந்த சொத்தானால், அந்நாளில் இருந்த நியாயமான சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம் என்பதையும், அந்த மதிப்பு அரசின் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டலாகாது என்பதையும் எங்கள் ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எனத் தாள்களைக் கேட்டு மூன்று முறை எங்களை அலையவைத்தார். நிலத்தைச் சமன்படுத்திய செலவையும் சேர்க்கலாமா என்று என் தம்பி கேட்டபோது, "ரசீது இருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அவர் வாங்கியது 6,000 ரூபாய். கொடுத்தபோது எங்களில் ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

அந்த 6,000 ரூபாய் அவர் செய்த வேலைக்கான கூலி. எங்களுக்கு எவ்வளவு வரி வந்திருந்தாலும் அவருடைய கட்டணம் அதுவே. இது அவருடைய நற்குணம் மட்டுமன்று. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டம், விளைவைப் பொறுத்தோ இலாபத்தின் விழுக்காடாகவோ கட்டணம் பெறுவதை, விதிகள் அனுமதிக்கும் சில இனங்கள் நீங்கலாக, தொழில்முறைத் தவறு என்றே வகுத்துள்ளது. காரணம் எளிது. நமக்குத் திரும்பிவரும் தொகை பெருகப் பெருகத் தம் பங்கும் பெருகும் என்றிருப்பவர், நம் கணக்கை நடுநிலையோடு பார்க்கமுடியாது.

இந்த இடத்தில், எனக்கு மிகவும் வேண்டியவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன். ஓய்வூதியத்திலும் வைப்புத்தொகை வட்டியிலும் அவருக்குப் பிடிக்கப்பட்ட வரி, உள்ளபடியே அவர் செலுத்தவேண்டிய வரிதான். திரும்பி வரவேண்டியது எதுவுமில்லை. ஆனால், பழைய நண்பர்கள் பலரும் ஒருவரிடம் கணக்குக் கொடுத்து ரீஃபண்ட் வாங்கியதாகச் சொன்னார்கள். முன்பணம் வேண்டாம், வருவதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்பது அந்த மனிதரின் ஏற்பாடு. தலைமையாசிரியர் பான் எண்ணையும் வங்கி விவரத்தையும் கொடுத்தார். ஒருநாள் மாலை கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வந்தது. அழைத்துக் கேட்டவரிடம் அதை வாசித்துக் காட்டினார். சில வாரங்களில் 32,000 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது. பேசியபடி 3,200 ரூபாயை அவர் கொடுத்துவிட்டார்.

அடுத்த கோடை விடுமுறைக்கு வந்த அவருடைய மகள், தந்தையின் வரிக் கணக்கை இணையத்தில் திறந்து பார்த்தார். அதில் வாங்காத வீட்டுக்கடனுக்கு வட்டி இருந்தது. வராத நோய்க்கு மருத்துவச் செலவு இருந்தது. ஓர் அரசியல் கட்சிக்கு அவர் கொடுத்ததாக நன்கொடையும் இருந்தது. துறையிலிருந்து வந்த நினைவூட்டல்கள், தயாரித்தவரே உருவாக்கிய ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போய்ப் படிக்கப்படாமல் கிடந்தன. அந்த மனிதரின் தொலைபேசி எடுக்கப்படவில்லை.

அந்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் ஐயா. சபைக்குக் கொடுத்த காணிக்கைக்கு ஒருநாளும் சலுகை கேட்டதில்லை. இப்போது, நான் கொடுக்காத நன்கொடை என் பெயரில் அரசாங்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது" என்றார். அவருக்கு நான் உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சார் சொன்னதில் உண்மை இருந்தது; அதை மழுப்புவது அவருக்கு மரியாதையாகாது என்று தோன்றியது.

பிறகு ஒரு பட்டயக் கணக்கரின் உதவியோடு திருத்தப்பட்ட விவரங்களைக் கொண்டு மறுபடியும் கணக்குத் தாக்கல் செய்தார். காலம் கடந்தபின் நாமாகவே முன்வந்து பிழை திருத்த 2022 முதல் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், கட்டவேண்டிய வரியோடும் வட்டியோடும் கூடுதல் தொகையொன்றும் செலுத்தவேண்டும். முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் செய்தால் அது நான்கில் ஒரு பங்கு. தாமதிக்கத் தாமதிக்க அது உயரும். ஆகமொத்தம் அவர் ஏறக்குறைய 42,000 ரூபாய் செலுத்தினார். வந்த 32,000 ரூபாய் திரும்பிப் போனது நியாயமே. அதற்கு மேல் கொடுத்த 10,000 ரூபாயையும், தயாரித்தவருக்குப் போன 3,200 ரூபாயையும் கூட்டினால் 13,200. 'முன்பணம் வேண்டாம்' என்று சொல்லப்பட்ட உதவியின் உண்மையான விலை அது. அவராகத் திருத்தாமல் துறையே கண்டுபிடித்திருந்தால், பொய்யான விவரத்துக்கு விதிக்கப்படும் அபராதம் வரித்தொகையின் இருமடங்கு வரை போகும்.

இது ஒருவருக்கு நேர்ந்த தனித் துயரம் அன்று. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம், இத்தகைய பொய்க் கழிவுகளைக் குறித்து நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடப்பதாக அறிவித்தது. தமிழ்நாட்டின் பெயரும் அவ்வறிக்கையில் இடம்பெற்றிருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் ஏறக்குறைய 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றிருந்தனர். ஏராளமானோரின் கணக்கைத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, பின்பு கைவிட்டுவிடும் இடைத்தரகர்களைப் பற்றியும் அறிக்கை குறிப்பிட்டது. அந்த 40,000 பேரில் தெரிந்தே பேராசைப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். தலைமையாசிரியரைப் போல வாசிக்காமல் நம்பியவர்களும் இருந்திருப்பார்கள். சட்டத்தின் முன் இருசாராரும் தங்கள் பெயருக்குத் தாங்களே பதில் சொல்லவேண்டியிருந்தது.

பிரியமானவர்களே, நாம் கவனிக்கவேண்டிய இடம் அந்த ஆறு இலக்க எண். கணக்குத் தாக்கல் செய்தபின் முப்பது நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்யவேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் எண்ணே பெரும்பாலோர்க்கு அந்த உறுதி. படிவத்தின் இறுதியில், இதிலுள்ளவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை சரியானவை, முழுமையானவை என்ற பொருளில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லும்போது நாம் அந்த உறுதிமொழியில் கையொப்பமிடுகிறோம். சமையலுக்கிடையிலும் பேருந்து நெரிசலிலும் தொலைபேசியில் அவசரமாக வாசித்துக் காட்டப்படுவதால் அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. எழுதும் வேலையைக் கூலி கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். உண்மை சொல்லும் கடமையை அவ்வாறு ஒப்படைக்க வழியில்லை.

ஆண்டவர் சொன்ன உக்கிராணக்காரனின் உவமையை இந்நாட்களில் நான் புதிதாகப் படித்தேன். அதன் மையக் கருத்து வேறு. இங்கே அதை விளக்க நான் முயலவில்லை. ஒரு சிறு விவரம் மட்டும் என்னை நிறுத்தியது. நூறு குடம் எண்ணெய் கடன்பட்டவனை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமை கடன்பட்டவனை எண்பது என்றும் எழுதச் சொன்னவன் உக்கிராணக்காரன். ஆனால் சீட்டைக் கையில் வாங்கி, உட்கார்ந்து, எழுதவேண்டியவர்கள் கடன்காரர்களே. யோசனை அவனுடையது, சீட்டில் பதியும் கையெழுத்து இவர்களுடையது.

ஆகவே, கணக்கைத் தயாரிக்க ஒருவரை அமர்த்துமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள். ரீஃபண்டில் பங்கு என்று பதில் வந்தால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். படிவத்தில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் கைப்பேசி எண்ணும்தான் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துங்கள். கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தரும் படிவம் 16ஐயும், இணையதளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, தயாரித்த படிவத்தை ஒரு வரி விடாமல் வாசியுங்கள்; ஆங்கிலம் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கழிவுக்கும் உங்கள் வீட்டில் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு எண்ணைச் சொல்லுங்கள்.

எழுபத்தைந்து வயது கடந்த பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி. ஓய்வூதியமும் அதே வங்கியில் வரும் வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லையென்றால், அறிவிக்கப்பட்ட வங்கிகளில் உரிய உறுதிமொழியைக் கொடுத்து, கணக்குத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்குப் பெறலாம். வங்கியே வரியைக் கணக்கிட்டுச் செலுத்திவிடும். இதை அறியாமல் ஆண்டுதோறும் யாரிடமோ பணம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கக்கூடும். உங்கள் வங்கிக் கிளையில் ஒருமுறை விசாரியுங்கள்.

கணினி அறிந்த இளையோரே, உங்கள் தெருவிலும் சபையிலும் இருக்கும் பெரியவர்களுக்காக இந்த மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். அவர்களுக்கு பதிலாக நீங்கள் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிடாமல், திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர்கள் ஆம் என்று சொன்னபின் அடுத்த வரிக்குச் செல்லுங்கள். தலைமையாசிரியருக்கு இப்போது அப்படிச் செய்துகொடுப்பது அவரிடம் படித்த ஒரு மாணவி. வீட்டுக்கடன் என்ற இடம் வந்ததும், "சார், இங்கே என்ன போடட்டும்?" என்று கேட்டாளாம். "பூஜ்யம் போடும்மா" என்றாராம் அவர்.

சமாதானத்தின் தேவன் உங்கள் இல்லங்களோடு இருப்பாராக.